துன் வீ. தி. சம்பந்தனார் வாழ்வும் பணியும்

கோலாலம்பூருக்குச் சென்று வந்த மாணவர்கள் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு நீண்ட சாலையைக் கண்டிருப்பர். பூமாலைக் கடைகளும் உணவுக் கடைகளும் நிறைந்த அச்சாலைக்குத் துன் சம்பந்தன் சாலை என்று பெயர். அவ்வட்டாரத்தில் தலைக்கு மேலே ஓடும் மோனோரயிலின் நிலையம் ஒன்றும் அதே பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயருக்கு உரியவர் யார் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டுப் பார்த்தோம். அமைச்சர் என்றான் ஒரு மாணவன். கோயில் கட்டியவர் என்றாள் ஒரு மாணவி. மற்றவர் வாய் திறக்கவில்லை. பெற்றோர் சிலரைக் கேட்டோம்; அங்கும் நிலைமை பெரிதும் வேறன்று. ஆதலின் இவ்வாண்டு மலரில் அப்பெருமகனாரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சம்பந்தனார் கேமரன் மலைக்காரர் அல்லர். அவர் பிறந்து வளர்ந்தது ரப்பர் மரங்களின் நடுவே. ஆயினும் லெம்பா பெர்த்தாமில் தேயிலைக் கொழுந்து பறித்து வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றையும் தொடும் ஒரு கேள்வியை அவர் சுமந்தார். தோட்டத்தில் வேலை இருக்கும் வரை வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். இந்நிலைக்கு மாற்று உண்டா என்பதே அக்கேள்வி. அவர் கண்ட விடை முழுமையானது என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் விடை தேடிப் புறப்பட்டவர் அவர்.

சம்பந்தனார் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் இடையே உள்ள ஊர் அது. தந்தையார் வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்தவர். உழைப்பாலும் துணிவாலும் நிலம் வாங்கி, ரப்பர் பயிரிட்டு, அவ்வூரில் செல்வராக உயர்ந்தார். மகனுக்குத் திருஞானசம்பந்தன் என்று பெயரிட்டார். சீர்காழியில் பிறந்து, பால் மணம் மாறாப் பருவத்திலேயே பதிகம் பாடிய சைவப் பெரியாரின் பெயர் அது. பள்ளியில் தேவாரம் பயின்ற மாணவர்கள் அக்கதையை அறிவர். ஊர் வாயில் நீண்ட பெயர் குறுகுவது இயல்பு. வீராசாமி திருஞானசம்பந்தன் என்பது வீ. தி. சம்பந்தன் ஆயிற்று.

கோல கங்சாரில் உள்ள கிளிபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்றார். பின்னர்த் தந்தையார் அவரைக் கடல் கடந்து சிதம்பரத்துக்கு அனுப்பினார். அங்கே 1929இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் தமிழுணர்ச்சிக்கும் விடுதலை உணர்ச்சிக்கும் பாசறையாக விளங்கிற்று. காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த வேளை அது. மாணவரான சம்பந்தனாரும் அதில் ஈடுபாடு கொண்டார். தோட்ட முதலாளியின் மகனாகச் சென்றவர், ஏழைகளோடு நின்ற தலைவர்களைக் கண்டு, அவர்களைப் பின்பற்றும் எண்ணத்தோடு மீண்டார்.

அவர் மீண்டு வந்த மலாயா அமைதியான நாடாக இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. எஞ்சியோர் கந்தலோடும் காய்ச்சலோடும் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அதாவது சம்பந்தனாரின் இருபத்தொன்பதாம் பிறந்த நாளன்று, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்தே நாட்டில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. வேலிகளுக்குள் குடியமர்த்தப்பட்டு, ஊரடங்கிலும் சோதனையிலும் தோட்ட மக்கள் பட்ட பாடு இன்று எழுபது, எண்பது வயதை எட்டியோர் நினைவில் மட்டுமே உள்ளது. ஒருபுறம் காட்டுக்குள் இருந்தோரின் மிரட்டல். மறுபுறம் அரசாங்கத்தின் ஐயப்பார்வை. இரண்டுக்கும் இடையே நின்ற மக்களுக்குத் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார்.

இவ்விடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் பள்ளி மலரில் கூறாமல் விட மாட்டோம். அந்நாளில் தோட்டப் பள்ளி என்றால் பெரும்பாலும் லயத்தின் ஓரத்துக் கொட்டகையே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்துக்காக நடந்த பள்ளிகளே அதிகம். கிராணியே ஆசிரியராக இருந்த பள்ளிகளும் உண்டு. அத்தகைய காலத்தில் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் பெரிய தமிழ்ப்பள்ளி எழும்பச் சம்பந்தனார் முன்னின்றார். 1954இல் நேருவின் தங்கையாரான விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் வந்து அதனைத் திறந்து வைத்தார். தமிழ்ப்பள்ளியும் கல்லால் கட்டப்பட வேண்டியதே என்று அக்கட்டடம் ஊருக்குக் காட்டிற்று.

மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946இல் தோன்றியது. ஜான் திவியைத் தொடர்ந்து புத் சிங், இராமநாதன், தேவாசர் ஆகியோர் அதன் தலைவர்களாக இருந்தனர். அக்கட்சி நெடுநாள் நகரத்துப் படித்தவர்களின் கட்சியாகவே இருந்தது. தோட்டங்களில் இருந்த பெருந்தொகையான தமிழருக்கும் அதற்கும் தொலைவு அதிகம். பேராக் மாநிலத்தில் பணியாற்றிய சம்பந்தனார் அத்தொலைவைக் குறைக்க முற்பட்டார். லயங்களுக்குச் சென்றார், கோயில் திருவிழாக்களில் பேசினார், மேடையில் அழகு தமிழைக் கையாண்டார். 1955இல் கட்சியின் தலைமை அவரிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது முப்பத்தாறு.

அதே ஆண்டு ஜூலை 27ஆம் நாள் நாட்டின் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலின் கணக்கை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாக்காளர் தொகை ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 பேர்கூட இல்லை. மக்கள்தொகையிலோ இந்தியர் நூற்றுக்குப் பதினொருவர் என்ற அளவில் இருந்தனர். உழைத்தவர் பலர், வாக்குச்சீட்டுப் பெற்றவர் சிலர் என்பது இதன் பொருள். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை அல்லவா? அம்னோ, மலாயாச் சீனர் சங்கம், மலாயா இந்தியர் காங்கிரஸ் மூன்றும் இணைந்த கூட்டணி, தேர்தலுக்குரிய 52 இடங்களில் 51இல் வென்றது. இந்தியர் காங்கிரஸுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. கிந்தா உத்தாரா தொகுதியில் வென்று சம்பந்தனார் சட்டமன்றம் புகுந்தார். மலாய் வாக்காளர் பெரும்பான்மையாக இருந்த தேர்தலில் தமிழர் ஒருவர் வென்றார் என்றால், பிற இனத்தாரின் நம்பிக்கையைப் பெறாமல் அது கூடுமோ? சம்பந்தனார் பிற்காலத்தில் நடந்துகொண்ட முறைக்கெல்லாம் இக்கணக்கே அடிப்படை என்பது நம் கருத்து.

துங்கு அப்துல் ரகுமான் அமைத்த அமைச்சரவையில் சம்பந்தனாருக்குத் தொழிலாளர் துறை கிடைத்தது. தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளர் அமைச்சரானார். 1957இல் சுகாதாரத் துறைக்கு மாறினார்.

நாடு விடுதலை பெறுமுன் அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. ரீட் ஆணைக்குழு ஊர் ஊராகச் சென்று கருத்துக் கேட்டது. அக்காலத்தில் எழுந்த வாதங்களுள் நம்மவருக்கு முதன்மையானது பிரஜாவுரிமையே. விடுதலை நாளன்றும் அதன் பின்னும் இம்மண்ணில் பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே பிரஜை ஆகும் என்ற விதி 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. அதற்கு முன்னரே இங்குப் பிறந்தோர் மனுச் செய்து பதிவு பெறலாம் என்றும், விடுதலைக்குப் பின் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் அவர்களுக்கு மலாய் மொழித் தேர்வு இல்லை என்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. இது கூட்டணிக் கட்சிகள் மூன்றும் தமக்குள் விட்டுக்கொடுத்துக் கண்ட உடன்பாடு. அதில் இந்தியர் தரப்பில் நின்றவர் சம்பந்தனார். இன்னும் அதிகம் கேட்டிருக்க வேண்டும் என்று அன்றே குறை கூறியோர் உண்டு. இன்றும் கூறுவோர் உண்டு. ஐந்து வாக்காளரின் சார்பில் பேசுகிறவர் எண்பத்து நான்கு பேரின் தோழமையோடுதான் எதையும் பெற முடியும். 1962இல் அவ்விதி சற்று இறுக்கப்பட்டு, பெற்றோருள் ஒருவரேனும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என மாற்றப்பட்டது.

சட்டம் கதவைத் திறந்தது உண்மை. உள்ளே நுழைந்தவர் எத்தனை பேர்? தோட்டங்களில் பல பிறப்புகள் பதிவே செய்யப்படவில்லை. மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பத்திரம் எடுக்க, ஒரு நாள் கூலியை இழந்து பட்டணம் போக வேண்டும். போனால் ஒரு நாளில் முடியாது. பாரம் நிரப்பக் கிராணியை அணுக வேண்டும். இதற்கெல்லாம் அஞ்சிப் பலர் பேசாதிருந்துவிட்டனர். இங்கே எத்தனை நாள் இருக்கப் போகிறோம், ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணமும் பலருக்கு இருந்தது. மனுச் செய்யுங்கள், இதுவே உங்கள் நாடு என்று சம்பந்தனாரும் அவருடைய கட்சியினரும் தோட்டம் தோட்டமாகச் சொல்லிச் சென்றனர். கேட்டவர் சிலர், கேளாதவர் பலர்.

கேளாமையின் விலை பின்னர்த் தெரிந்தது. 1968இல் வந்த சட்டம் ஒன்று, பிரஜை அல்லாதவர் வேலை செய்ய அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்றது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் திகைத்துப் போயினர். இம்மண்ணில் முப்பது, நாற்பது ஆண்டு பால் வெட்டியவர்கள் பல்லாயிரவர், பெட்டி படுக்கையோடு கப்பலேறினர். ரஜூலா கப்பல் அந்நாளில் எத்தனை குடும்பங்களைப் பிரித்தது! கணவன் ஒரு கரையிலும், இங்கே பிறந்த பிள்ளைகள் மறு கரையிலும் ஆயினர். நம் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பதிவு நடைபெறும் போதெல்லாம் பிறப்புப் பத்திரத்தை முதலில் கேட்கிறோம். அதற்காகச் சில பெற்றோர் நம்மைக் கடிந்துகொள்வதும் உண்டு. ஏன் கேட்கிறோம் என்பதை இப்பகுதியைப் படித்தோர் உணர்வர்.

1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 104 உறுப்பினர் கொண்ட மக்களவை அமைந்தது. அதில் இந்தியர் காங்கிரஸின் பங்கு மூன்றே. சம்பந்தனார் பிறந்த ஊராகிய சுங்கை சிப்புட்டின் உறுப்பினரானார். 1964, 1969 தேர்தல்களிலும் அவ்வூர் அவரைக் கைவிடவில்லை. இன்று நாம் படத்தில் காணும் உயர்ந்த நாடாளுமன்றக் கட்டடம் அப்போது இல்லை. அது 1963இல் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அம்பாங் சாலையில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்தில் அவை கூடிற்று.

அதே 1959 முதல் பொதுப்பணி, தபால், தந்தித் தொடர்பு அமைச்சராகச் சம்பந்தனார் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். சாலை, பாலம், தபால் நிலையம், தொலைபேசி என்பவையே அத்துறையின் வேலை. இவற்றைப் பற்றி மேடையில் முழங்க இயலாது. ஆனால் இவை இல்லாத ஊரில் வாழ்ந்து பார்த்தவருக்கு அருமை தெரியும். நம் பகாங் மாநிலத்துக் குவாந்தானில் நாட்டின் முதல் செயற்கைக்கோள் தொடர்பு நிலையம் 1970இல் அமைந்ததும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான்.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய செயலுக்கு வருவோம். அதை விளங்கிக்கொள்ளத் தோட்டத் துண்டாடல் என்பதை முதலில் அறிதல் வேண்டும். மலை நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே தேயிலைத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்பது எளிதன்று. ரப்பர் அப்படியன்று. இரண்டு ஏக்கர் மரம் இருந்தாலும் பால் வெட்டித் தட்டையாக்கி விற்றுவிடலாம்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, நாடு விடுதலை அடையப்போவதைக் கண்டு, தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேற எண்ணின. ரப்பர் விலை ஏறியிருந்த சமயம். வாங்கியவர்கள் உள்நாட்டு வணிகர்கள். அவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்தும் பத்துமாக நறுக்கி, பலருக்கு விற்று லாபம் கண்டனர். நூறு ஏக்கருக்குக் குறைந்த நிலம் அரசாங்கக் கணக்கில் தோட்டமே ஆகாது. துண்டு நிலம் வாங்கியவர் தம் குடும்பத்தாரைக்கொண்டே மரம் வெட்டுவார். அல்லது குத்தகைக்கு விடுவார். அவருக்கு நிலையான தொழிலாளர் தேவையில்லை. லயமும் ஆஸ்பத்திரியும் ஆயாக்கொட்டகையும் பள்ளியும் நடத்தும் பொறுப்பும் இல்லை.

ஒரு தோட்டம் துண்டாடப்பட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். காலையில் பெரட்டுக்குப் போனவரிடம் இன்றோடு பேர் வெட்டப்பட்டது என்கின்றனர். லயத்தைக் காலி செய்யத் தவணை தருகின்றனர். குழாயில் நீர் நிற்கிறது. பிள்ளைகள் இல்லாத பள்ளி மூடப்படுகிறது. மூன்று தலைமுறை பொங்கல் வைத்த மாரியம்மன் கோயில் வேற்றார் நிலத்தின் நடுவே தனித்து நிற்கிறது. தோட்டத்துக்கு வெளியே அக்குடும்பத்துக்கு ஒரு சாண் நிலமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தது. அறிக்கை வந்த பின்னும் விற்பனை நின்றபாடில்லை. தம் உடைமையை விற்க எவருக்கும் சட்டப்படி உரிமை உண்டே!

சம்பந்தனார் அமைச்சர். சட்டம் கொண்டுவந்து விற்பனையைத் தடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அமைச்சரவையில் அவர் ஒருவர். மக்களவையில் அவர் கட்சியினர் மூவர். முதலீட்டை அச்சுறுத்தும் சட்டத்தைப் புதிய நாடு விரும்பவில்லை. எனவே அவர் வேறு வழியை நாடினார். தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்றால் அதைத் தொழிலாளியே வாங்கினால் என்ன என்பது அவ்வழி. கேட்டவர் நகைத்தனர். பல லட்சம் வெள்ளி பெறும் தோட்டத்தை நாட்கூலிக்காரன் வாங்குவதா என்றனர்.

1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. பங்கு ஒன்றின் விலை நூறு வெள்ளி. அதை ஒரே முறையில் கட்ட வேண்டியதில்லை. மாதம் பத்து வெள்ளியாகப் பத்துத் தவணையில் கட்டலாம். பத்து வெள்ளி என்பது இன்று ஒரு வேளை உணவின் விலை. அன்றைய பால் வெட்டுத் தொழிலாளிக்கோ அது பல நாள் உழைப்பு. கடைக்கணக்கு, பண்டிகைச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது என்ன? அதிலிருந்து பத்து வெள்ளியை, முகம் அறியாத ஒரு சங்கத்துக்குக் கொடு என்று கேட்பது சாதாரண காரியமன்று. சீட்டுப் பிடித்து ஓடியவர்களைத் தோட்ட மக்கள் கண்டிருந்தனர். ஐயம் கொள்ள அவர்களுக்கு உரிமை இருந்தது.

அந்த ஐயத்தைப் போக்க அமைச்சரே நேரில் சென்றார். பின்னாளில் சங்கத்தை நெடுங்காலம் நடத்திய கே. ஆர். சோமசுந்தரம் அவர்களும் உடன் சென்றார். தோட்டம் தோட்டமாகப் பயணம். கோயில் திடலிலும் பெரட்டுக் களத்திலும் கூட்டம். ஒருவன் தனியாக வாங்க இயலாததை ஆயிரம் பேர் சேர்ந்து வாங்கலாம் என்பதை அவர் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் விளக்கினார். நம் கேமரன் மலைக் கொழுந்துக் கூடையே இதற்குச் சான்று. ஒருவர் கை பறிக்கும் கொழுந்து ஆலையின் ஓர் எந்திரத்துக்கும் போதாது. மலை முழுதும் பறித்தால் ஆலை இரவிலும் ஓடும். மக்கள் நம்பினர். தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை கட்டியோரும் இருந்தனர் என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. துண்டாடப்பட்டிருக்க வேண்டிய ஒரு தோட்டம் முழுதாக நின்றது. பெரட்டு நடந்தது, லயங்களில் அடுப்பு எரிந்தது. தோட்டம் யாருடையது என்று கேட்டால், அங்கே பால் வாளி தூக்கிய தொழிலாளி, அதில் என் பங்கும் உண்டு என்று சொல்லக்கூடிய நிலை பிறந்தது. கங்காணி காலத்திலிருந்து அதுவரை அப்படிச் சொல்லக் கூடியவர் எவரும் இருந்ததில்லை. தொடர்ந்து வேறு பல தோட்டங்களையும் சங்கம் வாங்கிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறுதல் நேர்மை. சங்கம் காப்பாற்றிய தோட்டங்கள் சில. கை நழுவிய தோட்டங்கள் மிகப் பல. சங்கத் தோட்டத்திலும் கூலி மற்றத் தோட்டங்களைப் போன்றதே. பங்கு இருந்தாலும் குடியிருக்கும் வீடு தொழிலாளியின் பெயருக்கு மாறிவிடவில்லை. தொழிற்சங்கத்தார் சிலர் இம்முயற்சியை ஐயத்தோடு நோக்கினர். இக்குறைகள் உண்மையே. ஆயினும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக் கலைந்து போவதே தலைமை என்றிருந்த காலத்தில், தீர்மானத்தை நிலமாக மாற்றிக் காட்டியவரை நாம் குறைத்து மதிப்பிட மனம் வரவில்லை.

1969 மே 13ஆம் நாள் தலைநகரில் இனக்கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை ஆண்டது. அம்மன்றத்தில் இந்தியர் தரப்பு உறுப்பினர் சம்பந்தனார். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. 1972இல் அவர் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சரானார்.

ஆனால் அவர் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒருமைப்பாடு குலைந்துவிட்டிருந்தது. பதினெட்டு ஆண்டு ஒரே தலைவர் என்பது கட்சியில் இளையோருக்கு நீண்ட காலமாகத் தோன்றிற்று. தலைவர் தம்மைச் சூழ்ந்தோர் சொல்லையே கேட்கிறார், தோட்டத்தில் வறுமை அப்படியே இருக்கிறது என்று அவர்கள் குறை கூறினர். அதில் உண்மை அறவே இல்லை என்று நாம் வாதிட மாட்டோம். பிளவு முற்றிற்று. பிரதமர் துன் ரசாக் தலையிட்ட பின், 1973இல் சம்பந்தனார் தலைமைப் பொறுப்பைத் துணைத்தலைவர் மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். மறு ஆண்டு அமைச்சர் பதவியும் முடிவுற்றது. விலகியபின் அவர் மனம் கசந்து புதுக்கட்சி தொடங்கவில்லை. தேசிய ஒருமைப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்து இறுதி வரை பணியாற்றினார். கூட்டுறவுச் சங்கத்தையும் கைவிடவில்லை.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் சம்பந்தனார் இயற்கை எய்தினார். அறுபது நிறைய இருபத்தொன்பது நாட்களே இருந்தன. மணிவிழாக் காண வேண்டிய வேளையில் நாடு அவரை இழந்தது. தந்தையார் தேடி வைத்த நிலபுலன்களில் பெரும் பகுதி அவருடைய பொதுவாழ்வில் கரைந்து போயிருந்தது. செல்வராக அரசியலுக்கு வந்து, செல்வம் குறைந்து விடைபெற்றார். துணைவியார் தோ புவான் உமா சுந்தரி அம்மையார் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் சமூகப் பணியில் ஈடுபட்டிருந்தார். தலைநகரில் கூட்டுறவுச் சங்கத்தின் உயர்ந்த கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, இம்மலையில் மகளோடு வாழ வந்த முதியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். பேரப்பிள்ளையின் பள்ளிப் பதிவுக்குப் பத்திரங்கள் தேவைப்பட்டன. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். நீல நிற அடையாளக் கார்டு, மனைவியின் மரணப் பத்திரம், மகளின் பிறப்புப் பத்திரம், முருகன் படம். அவற்றின் அடியில், துணியில் சுற்றி, ஓரம் பழுப்பேறிய காகிதம் ஒன்று. கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் அது. படிக்கத் தெரியாத அம்முதியவர், அதைத் தலைகீழாகப் பிடித்து நமக்குக் காட்டிவிட்டு, மீண்டும் அதே துணியில் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்.